கிபுலாப் பக்கக் கதவு

பிடரியில் வெயில் அடித்தது. படுத்திருந்த பீர் முகம்மது கண்ணைத் திறக்கவில்லை. வலது கையை நீட்டினார். கொண்டி அகப்பட்டது. இரண்டு விரலால் தூக்கினார். கதவு அரை அங்குலம் விலகியது, விட்டதும் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. அது சரி. காலை நீட்டினார். பெருவிரல் தகட்டில் முட்டியது. நீளம் சரி. கையைத் தூக்கினார். முழங்கை மடங்கும் உயரத்தில் கூரை இருந்தது. அதுவும் சரி.

"என்ன வே, சரியா வந்துட்டா?" கூண்டுக்கு வெளியே நின்ற பாக்கியசீலன் கேட்டார்.

"கொண்டி சரியா இருக்கு அண்ணாச்சி."

"கூரை?"

"சரி."

"நீளம்?"

"சரி."

"பெறகு என்ன? இறங்கி வாரும்."

"இது அது இல்லை," என்றார் பீர் முகம்மது.

வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த சங்கர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினான். "மூணாவது தடவை," என்றான்.

பாளையங்கோட்டைக்கு வெளியே, திருச்செந்தூர் ரோட்டில் இருக்கிறது பாக்கியசீலனின் பட்டறை. சரக்கு வேன்களுக்குக் கூண்டு கட்டுவது தொழில். ஐஸ் வண்டி, பஜ்ஜி வண்டி, ஒரு தடவை சபைக்காரர்களுக்கு ஒலிபெருக்கி வண்டி கட்டியிருக்கிறார். ஒரு ஆள் படுத்துத் தூங்குவதற்கு என்று எதுவும் கட்டியதில்லை.

முதல் நாள் பீர் முகம்மது பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, பாதி கட்டிய ஒரு கூண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கேரவன் ஒண்ணு கட்டணும்," என்றார்.

"சினிமாக்காரங்க உக்காருவாங்களே, அதா?"

"இல்லை. சின்னது. கார் பின்னால கட்டி இழுப்பாங்க."

"டீக்கடை போடப்போறீரா?"

"தூங்கப்போறேன்."

பாக்கியசீலன் அவரை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, தொப்பி. வாயில் வாடை எதுவும் இல்லை.

"ரோட்டுல ஓடணுமா?"

"ஓடாது. வீட்டு முத்தத்துல நிக்கும்."

"ஓடாததுக்குச் சக்கரம் எதுக்கு வே?"

"அதுல இருந்துச்சு."

எதில் இருந்தது என்பதைப் பைய விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பீர் முகம்மது காயல்பட்டினத்துக்காரர். வயது அறுபத்தொன்று. சவூதியில் தபூக்குக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் முப்பது வருடம் காவலுக்கு இருந்தார். தண்ணீர் மோட்டார்களைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. மோட்டார் கொட்டகைக்கு அருகில் ஒரு பழைய கேரவன் நின்றது. பண்ணைக்காரரின் தகப்பனார் எப்போதோ ஓர் இங்கிலீஷ்காரரிடம் வாங்கியது. கீழே பச்சை, மேலே பால் நிறம். முட்டையைப் படுக்க வைத்த மாதிரி வடிவம். உள்ளே ஓர் ஆள் படுக்கலாம், ஓர் ஆள் உட்காரலாம். இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. சக்கரங்கள் பாதி மணலுக்குள் போயிருந்தன. அவர் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அது ஓர் அங்குலம் நகரவில்லை. முப்பது வருடமும் அதில்தான் படுத்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் ஊருக்கு வருவார். இரண்டு மகள்களும் அந்த லீவுகளில்தான் வளர்ந்தார்கள்.

சென்ற வருடம் ரமலானுக்கு முன் ஒரேயடியாக வந்துவிட்டார். வந்ததிலிருந்து தூக்கமில்லை.

வீடு மனைவி நஃபீஸத்துடையது. அவர்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை அங்கே போய் இருப்பான். அதில் அவருக்குக் குறை ஒன்றுமில்லை. நல்ல வீடு. உயரமான கூரை, காற்றோட்டம். படுத்தால் கூரை வெகுதூரத்தில் இருந்தது. அறையை மாற்றிப் பார்த்தார். தலைமாட்டை மாற்றிப் பார்த்தார். தரையில் படுத்தார். மாதங்கள் போயின. நிற்கும்போது தள்ளாடினார். உப்பு என்று நினைத்து டீயில் சீனியைப் போடாமல் விட்டார், அல்லது சீனி என்று நினைத்து உப்பைப் போட்டார். எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஒரு தடவை பேத்தியின் பெயர் வாயில் வரவில்லை. அன்றைக்குத்தான் பயந்தார்.

நரம்பு டாக்டரைப் பார்க்கப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினார். குரும்பூர் தாண்டியதும் தூங்கிவிட்டார். இறங்கும் இடத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பினார். டாக்டரிடம் இதையும் சொன்னார். "வீட்ல தூங்காதவர் பஸ்ல எப்படித் தூங்கினீங்க?" என்று டாக்டர் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை என்று தோன்றியது. மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையில் தலை கனத்தது, கண் மூடவில்லை.

பஸ்ஸுக்கும் கேரவனுக்கும் என்ன ஒற்றுமை என்று அவர் பல நாள் யோசித்தார். தகடு என்று முடிவுக்கு வந்தார். சுற்றிலும் தகடு, கைக்கெட்டும் தூரத்தில் கூரை. அந்தக் கேரவன் மாதிரியே ஒன்று இருந்தால் தூங்கலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு பெயராக மறந்துபோகும். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

கேரவனின் படம் அவரிடம் இல்லை. படம் இருந்த செல்போன் கடைசி மாதத்தில் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. பாக்கியசீலனின் மகள் ஸ்வீட்லின் தன் போனில் பழைய கேரவன்களின் படங்களைத் தேடிக் காட்டினாள். சிலவற்றில் கதவு இடப்பக்கம், சிலவற்றில் வலப்பக்கம். "இதா மாமா?" "ஆமா." "அப்போ இது?" "இதுவும்தான்." பன்னிரண்டு படம் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஆமா என்றார். ஸ்வீட்லின் போனை மடியில் போட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

பாக்கியசீலன் சாக்பீஸ் எடுத்தார். பட்டறையின் சிமென்ட் தரையில் பத்தடிக்கு ஐந்தடி ஒரு பெட்டி போட்டார்.

"கதவு எந்தப் பக்கம்?"

"கிபுலாப் பக்கம்."

பாக்கியசீலனுக்கு அது தெரியும். மேலப்பாளையத்திலிருந்து அவரிடம் கூண்டு கட்ட வருபவர்கள் பலர். தொழுகை நேரம் வந்தால், "அண்ணாச்சி, கிபுலா எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். மக்கா இருக்கும் திசை. அவர் தண்ணீர்த் தொட்டியைக் காட்டுவார். தொட்டி மேற்கே இருந்தது. இருபது வருடமாகக் காட்டுகிறார். இப்போதும் தொட்டியைப் பார்த்த கோட்டில் கதவு போட்டார்.

"சன்னல்?"

"கிழக்க. விடிஞ்சா வெயில் உள்ள வரும்."

கதவுக்கு நேர் எதிர்க் கோட்டில் சன்னல் போட்டார்.

"எப்படிப் படுப்பீரு?"

"வலப் பக்கம் சாஞ்சா கிபுலா முன்னால இருக்கணும்."

"படுத்துக் காட்டும்."

பீர் முகம்மது கோட்டுக்குள் போய்த் தரையில் படுத்தார். தொட்டியைப் பார்த்து வலப் பக்கம் சாய்ந்தார். தலை வடக்கே வந்தது, கால் தெற்கே போயிற்று. பாக்கியசீலன் அவரைச் சுற்றிக் கோடு போட்டார்.

"செத்தவனைச் சுத்திப் போலீசு கோடு போட்ட மாதிரில்லா இருக்கு," என்றான் சங்கர்.

"வாயை மூடுலே. சரியா இருக்கா வே?"

பீர் முகம்மது எழுந்து நின்று கோடுகளைப் பார்த்தார். அப்போதே ஏதோ இடித்தது. சுவர் இல்லாததால் அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டார். "சரிதான்," என்றார்.

அப்படித்தான் கட்டினார்கள். சங்கர் குழாய்களை வளைத்து எலும்புக்கூடு செய்தான். வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட். கொண்டிக்காக மட்டும் மூன்று நாள் அலைந்தார்கள். கடையில் இருப்பவை எல்லாம் கீழே அழுத்துபவை, இவருக்கு மேலே தூக்குவது வேண்டும். கடைசியில் சங்கரே ஒன்றை அடித்துக் கொடுத்தான்.

முதல் தடவை படுத்துப் பார்த்து இது அது இல்லை என்றபோது மெத்தையை மாற்றினார்கள். இரண்டாம் தடவை கூரையை ஓர் அங்குலம் இறக்கினார்கள். இது மூன்றாவது.

"எது இல்லைன்னு சொல்லும் வே," என்றார் பாக்கியசீலன். "நீரு சொன்னதைத்தான் கட்டியிருக்கேன். என் சொந்தத்துல ஒரு ஆணி அடிக்கலை."

"தெரியலை அண்ணாச்சி. ஒவ்வொண்ணாப் பாத்தா எல்லாம் அதுதான். சேத்துப் பாத்தா இல்லை."

"ஒட்டகம் ஒண்ணு கொண்டாந்து கட்டுவோமா பாய்?" என்றான் சங்கர்.

"அங்கன ஒட்டகம் கிடையாது. கோதுமைதான்."

"பாலைவனத்துல கோதுமையா?"

"ஆமா."

சங்கர் முகமூடியை இறக்கிக்கொண்டான். அவனுக்கும் குழம்பிவிட்டது.

சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் பீர் முகம்மது பட்டறை மூலையில் பாயை விரித்தார். தொட்டியைப் பார்த்து நின்றார். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. குனிந்தார், நிமிர்ந்தார், நெற்றியைத் தரையில் வைத்தார். கண் கூசியது. அங்கே ஒரு நாளும் இந்த நேரத்தில் கண் கூசியதில்லை. அஸருக்கு நின்றால் வெயில் வலது காதில்தான் இருக்கும். காது சுடும். தொழுகையில் இதை நினைக்கக் கூடாது என்று நினைத்தார். அதையும் நினைக்கக் கூடாது. முடித்து, சலாம் கொடுக்க வலப்பக்கம் முகத்தைத் திருப்பினார். அங்கே சூரியன் இருக்க வேண்டும். சங்கர் இருந்தான், டீ குடித்துக்கொண்டு.

பாயிலிருந்து எழாமலே வலது காதைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி," என்றார். "அங்கன கிபுலா மேக்க இல்லை."

"என்ன வே சொல்லுதீரு?"

"தெக்க."

"அதெப்படி? மக்கா நகருமா?"

"மக்கா நகராது. நான் அதுக்கு வடக்க இருந்தேன்."

பாக்கியசீலன் தொட்டியைப் பார்த்தார். இருபது வருடமாகத் தப்பாகக் காட்டிவிட்டோமோ என்ற பயம் அவர் முகத்தில் வந்தது. "அப்போ தொட்டி?"

"தொட்டி சரிதான். இங்கேருந்து மேக்க. அங்கேருந்து தெக்க."

"அண்ணாச்சி, மெட்ராஸ்காரனுக்குத் திருநவேலி தெக்க, தூத்துக்குடிக்காரனுக்கு மேக்க," என்றான் சங்கர். "ஊரு ஒண்ணுதான. அதான் பாய் சொல்லுதாரு."

"ஏலே, இதெல்லாம் எப்போலே படிச்ச?"

"அஞ்சு வருசம் லாரில போனவம்லா."

முப்பது வருடம் தெற்கே பார்த்துத் தொழுத மனிதர் அதை எப்படி மறந்தார் என்று பாக்கியசீலன் கேட்டார். பீர் முகம்மதுவுக்கும் அதுதான் புரியவில்லை. காயல்பட்டினத்தில் சிறு வயதில் மேற்கு என்ற சொல்லை அவர் அதிகம் கேட்டதே இல்லை. கிபுலாப் பக்கத் தெரு, கிபுலாப் பக்க வாசல் என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல் வாயில் வந்தால் மனம் தானாக மேற்கே திரும்பிக்கொள்கிறது. கேரவனின் கதவு கிபுலாவைப் பார்த்தது உண்மை. அதை இங்கே சொன்னபோது மேற்கு ஆகிவிட்டது.

"இதுக்குப் போயா," என்றார் பாக்கியசீலன். "வண்டிதான வே. திருப்பிருவோம்."

மூன்று பேரும் தள்ளினார்கள். கதவு தெற்கே வந்தது.

"இப்போ சரியா?"

"சன்னல் எங்க?"

சன்னல் வடக்கே போயிருந்தது. மறுபடி தள்ளினார்கள். சன்னல் கிழக்கே வந்தது, கதவு மேற்கே போயிற்று. இன்னொரு தரமும் தள்ளினார்கள், அது ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. பாக்கியசீலன் கவிழ்த்துப்போட்ட டிரம்மில் உட்கார்ந்து சாக்பீஸைக் கேட்டார். புதிதாக ஒரு பெட்டி வரைந்தார். தெற்குக் கோட்டில் கதவு. கிழக்குக் கோட்டில் சன்னல்.

"எதிர்ச் சுவரு இல்லை வே. பக்கத்துச் சுவரு. நீரு வலப்பக்கம் சாஞ்சு கதவைப் பாத்தா தல மேக்க வரும், காலு கிழக்க போகும். கால்மாட்டுல சன்னல்."

பீர் முகம்மது தன் கால் விரல்களைப் பார்த்தார். "கால் பக்கமாத்தான் வரும்," என்றார். "விடிஞ்சா வெயில் முதல்ல தலமாட்டுல விழும். பெறகு இறங்கிப் பெருவிரலுக்கு வரும்."

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா."

"முதல்ல தெரியலை அண்ணாச்சி."

பாக்கியசீலன் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. "இன்னொண்ணு இருக்கு. உம்ம முத்தத்துல இதை எப்படி நிறுத்துவீரு? வெயில் கால்ல விழணும்னா கதவு தெக்க இருக்கணும். அப்போ நீரு தெக்க பாத்துத்தான் தூங்குவீரு. இங்கன கிபுலா மேக்க. கிபுலா பாத்து நிறுத்தினா கால்ல வெயில் வராது. அங்கன ரெண்டும் சேந்து இருந்துச்சு. இங்கன சேராது. ரெண்டுல ஒண்ணைச் சொல்லும்."

பீர் முகம்மது இதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. வரைந்த பெட்டியைச் சுற்றி நடந்தார். ஒரு பக்கம் நின்று பார்த்தார், மறுபக்கம் நின்று பார்த்தார்.

"தூங்கும்போது கிபுலா பாக்குறது சுன்னத்து, செஞ்சா நன்மை," என்றார் கடைசியில். "கடமை இல்லை."

"அப்போ வெயிலு?"

"வெயிலு."

சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல நின்றார்.

நான்கு நாளில் பழைய சன்னலைத் தகடு வைத்து அடைத்தார்கள். தைத்த காயம் மாதிரி ரிவெட் வரிசை தெரிந்தது. கால்மாட்டில் புதிய சன்னல் வெட்டினார்கள். ஐந்தாம் நாள் பீர் முகம்மது முதல் பஸ்ஸில் வந்தார். வண்டி கிழக்கே காலை நீட்டிக்கொண்டு நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கதவு ஒட்டிக்கொண்டது.

பத்து நிமிடம் கழித்து சங்கர் கிரைண்டரை எடுத்தான். பாக்கியசீலன் கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளேயிருந்து குறட்டை வந்தது. இருவரும் டீக்கடைக்குப் போனார்கள். பட்டறையில் அன்று காலை வேலை நடக்கவில்லை.

பீர் முகம்மது விழித்தபோது வெயில் தலைமாட்டிலிருந்து இறங்கி இடுப்பைத் தாண்டியிருந்தது. கூரை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கைக்குக் கொண்டி அகப்பட்டது. எழும்பும் முன் எண்ணத் தொடங்கினார். முப்பது வருடமும் விழித்ததும் செய்தது அதுதான். இந்த அரபு மாதத்தில் இத்தனை, அடுத்த மாதம் முப்பது, அதற்கடுத்தது இருபத்தொன்பது, பிறகு லீவு. எண்ணிக்கொண்டே போனார். லீவு வரவில்லை. எங்கோ ஒரு மாதத்தை விட்டுவிட்டோம் என்று முதலிலிருந்து எண்ணினார். அப்போதும் வரவில்லை.

இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டு நேராகப் பட்டறை மூலைக்குப் போனார். அங்கிருந்த காற்று அடிக்கும் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்து, சூடேறியிருக்கிறதா என்று பார்த்தார்.

"பாய், அதைத் தொடாதிய," என்றான் சங்கர்.

பீர் முகம்மது அவனைப் பார்த்தார். "லீவு எப்போ?" என்று கேட்டார்.

"எனக்கா? ஞாயித்துக்கிழமை."

பாக்கியசீலன் ஓடி வந்தார். "தூங்கிட்டீரு வே! மூணு மணி நேரம்! கொறட்டை ரோடு வரைக்கும் கேட்டுச்சு. டீக்கடைக்காரன், என்ன அண்ணாச்சி, எஞ்சின் பூட்டிட்டியளான்னு கேக்கான்."

"தூங்கினேனா?"

"பின்ன? இதுதான அது?"

"இதுதான்," என்றார் பீர் முகம்மது. "அப்படியே இதுதான்."

"பெறகு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"எத்தனை நாள்னு வரலை அண்ணாச்சி."

"என்ன எத்தனை நாளு?"

"ஊருக்குப் போக."

பாக்கியசீலன் சங்கரைப் பார்த்தார். சங்கர் தரையைப் பார்த்தான். "நாலு மணிக்கு பஸ்சு இருக்கே வே," என்றார் பாக்கியசீலன்.

வீட்டுக்குப் போய் நஃபீஸத்திடம், "இன்னைக்குத் தூங்கினேன்," என்றார்.

"எங்க?"

"ரூம்ல."

வாயில் அப்படித்தான் வந்தது. போனில் முப்பது வருடமும் சொன்னது அந்தச் சொல்தான். ரூம்ல இருக்கேன், ரூமுக்குப் போயிட்டுப் பேசுதேன். அவர் திருத்திச் சொல்லப் போகும் முன் நஃபீஸத், "நாளைக்கு நானும் வாறேன். அந்த ரூமைப் பாக்கணும்," என்றாள்.

மறுநாள் ஒன்பதே காலுக்கு இருவரும் பட்டறை வாசலில் இறங்கினார்கள். பாக்கியசீலன் நாற்காலி போட்டார். நஃபீஸத் உட்காரவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கதவைத் திறந்து இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் முட்டியது. "முப்பது வருசமும் இதுலயா கெடந்திய?" என்று கேட்டாள். ஆமா என்றார். அவள் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம் சத்தம் இல்லை. சங்கர் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அக்கா தூங்குதாங்க என்றான். பீர் முகம்மது டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் தூங்கவில்லை; உள்ளே படுத்தால் மறுபடி லீவு நாளை எண்ண வேண்டியிருக்கும். பெயின்ட் அடிக்கவா என்று பாக்கியசீலன் கேட்டார். பொறுங்க என்றார். எங்கே நிறுத்துவது என்று கேட்டதற்கு, சொல்லுதேன் என்றார். பதினொன்றே முக்காலுக்கு நஃபீஸத் இறங்கி வந்து தலையணை தாழ்வாக இருக்கிறது என்றாள். பாக்கியசீலன் அதைக் குறித்துக்கொண்டார். நான்கு பேரும் டீ குடித்தார்கள். அவர்கள் இருவரும் போன பிறகு ஒரு சரக்கு வேன் வந்தது. அதன் பின்கதவு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. சங்கர் அந்த வேலையை எடுத்துக்கொண்டான்.